யாருக்கு அரிது?

தமிழில் 'அரிது' என்பது நல்ல சொல். அரிய நூல் என்கிறோம். அரிய நண்பர் என்கிறோம். அருஞ்செயல் என்று பாராட்டுகிறோம். எளிதில் கிடைக்காதது, ஆகவே மதிப்பு மிக்கது என்பது அதன் பொருள். மருத்துவமனை வாயிலைக் கடந்ததும் அதே சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. "இஃது அரிய நோய்" என்று மருத்துவர் கூறினால், "இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை" என்று பொருள். சில வேளைகளில், "இதை நாங்கள் தேடவே இல்லை" என்றும் பொருள். இந்தப் பின்னைய பொருளைப் பற்றித்தான் நம் சங்க மலரில் சில பக்கங்கள் எழுத விரும்புகிறேன்.

நான் நுண்ணுயிரியலில் பட்ட மேற்படிப்புப் பயிலும் மாணவன். மருத்துவம் பயில்பவன் அல்லன். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இந்தத் தலைநகருக்கு வந்தவன். வயது 23. மருத்துவத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பார் இருக்கலாம். தகுதி இல்லை என்பதை நானே முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், கண்ணெதிரே நடந்ததைக் கூறும் கடமை ஒருவனுக்கு உண்டு அல்லவா?

விடுதியில் என் அறைத்தோழர் நாகாலாந்துக்காரர். கோகிமாவுக்கு அப்பால் ஒரு மலையூரிலிருந்து வரலாறு பயில வந்தவர். அவருக்கும் இந்தி சரியாக வராது, எனக்கும் வராது. அந்த வராமையே எங்களை நெருங்கிய நண்பர்களாக்கியது எனலாம். கடைக்காரரிடம் விரலால் காட்டித் தக்காளி வாங்கிய காலம் எங்கள் இருவருக்கும் பொது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த நாரத்தங்காய் ஊறுகாயை அவர் விரும்பி உண்பார். அவர் கொண்டுவரும் மூங்கில் குருத்து எனக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு பிடித்துப்போயிற்று.

2024 ஆகஸ்டுத் திங்களில் அவர் கழுத்தின் இடப்பக்கம், காதுக்குச் சற்றுக் கீழே, ஒரு கட்டி தோன்றியது. நெல்லிக்காய் அளவு இருக்கும். வலி இல்லை, காய்ச்சலும் இல்லை. வலி இல்லாத காரணத்தால் அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு திங்கள் கழித்தும் அது கரையாமற்போகவே மருத்துவரிடம் சென்றோம். கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர், "காசநோய்க் கட்டி" என்றார். ஆறு திங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதிக்கும் எளிய சோதனையும் நடக்கவில்லை.

அக்டோபரில் இடக்காது அடைத்தது. "தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டு கேட்பதுபோல் இருக்கிறது" என்றார் நண்பர். வேறொரு மருத்துவர் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். நவம்பரில், காலை வேளைகளில் மூக்கைச் சிந்தினால் சளியில் செந்நிறக் கீற்று தென்பட்டது. அதற்கு மருத்துவரிடமே போகவில்லை. தில்லியின் குளிர்காலப் புகையில் யாருடைய மூக்குத்தான் ஒழுங்காக இருக்கிறது என்று நாங்களே தீர்ப்பளித்துக்கொண்டோம்.

கழுத்துக்கு ஒரு மருத்துவர். காதுக்கு ஒரு மருத்துவர். மூக்குக்கு நாங்களே மருத்துவர்! மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

இனி என் வெட்கத்தைக் கூறுகிறேன். அந்த நவம்பரில் எங்களுக்கு வைரஸ் இயல் தேர்வு. எப்ஸ்டீன்-பார் வைரசால் விளையும் புற்றுநோய்களை விளக்குக என்று ஒரு வினா. நான் நன்றாகவே எழுதினேன். மேல்தொண்டைப் புற்றுநோயின் அறிகுறிகளாக, கழுத்தில் வலியற்ற கட்டி, ஒரு பக்கத்துக் காது அடைப்பு, மூக்குச் சளியில் குருதி என்று வரிசையாக அடுக்கினேன். அது மிகுதியாகக் காணப்படும் இடங்களாகத் தென்சீனம், தென்கிழக்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா, வடகிழக்கு இந்திய மலைநாடுகள் என்றும் எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்.

தேர்வுக்கு முதல்நாள் இரவு இதே பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டிலில் படுத்திருந்த நண்பர், "கொஞ்சம் மெல்லப் படி, காது இரைகிறது" என்றார். நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்து படித்தேன்.

தோழர்களே, நம் படிப்பைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த இரவு நினைவுக்கு வருகிறது.

டிசம்பர் விடுமுறையில் அவர் ஊருக்குப் போனார். வாசலில் நின்ற அன்னை மகனின் கழுத்தைத் தடவிப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டாராம். அவர் உடன்பிறந்த அண்ணன், அதாவது நண்பரின் தாய்மாமன், இதே போன்ற கட்டியோடு இறந்தவர். அன்னை எழுதப் படிக்க அறியாதவர். அவர் கை அறிந்ததை எங்கள் கல்வி அறியவில்லை. உடனே குவாகாத்திக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கிருந்த மருத்துவர் முதலில் கழுத்தைத் தொடவில்லை. "எந்த ஊர்? வீட்டில் யாருக்கேனும் இப்படி வந்ததுண்டா?" என்று கேட்டார். பிறகு மூக்கின் வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். சில நிமிடங்களே ஆயின. கட்டியின் வேர் எங்கே என்று தெரிந்துவிட்டது. அதற்குள் கழுத்தின் இரு பக்கமும் நோய் பரவியிருந்தது.

நிற்க. இந்நோய் இருக்கும் இடத்தைச் சற்று அறிந்துகொள்வோம். மூக்கின் பின்புறம், உள்நாக்குக்கும் மெல்லண்ணத்துக்கும் மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி ஒரு சிறு அறை இருக்கிறது. வாயைத் திறந்து 'ஆ' என்றால் தெரியாது. கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. நடுக்காதிலிருந்து வரும் குழல் இந்த அறையின் பக்கச் சுவரில்தான் திறக்கிறது. அந்தத் துளைக்குப் பின்னுள்ள குழிவில்தான் இந்தப் புற்று பெரும்பாலும் தோன்றுகிறது. ஆகவே, காதில் நோய் ஒன்றும் இல்லாமலே காது அடைக்கிறது. அறை சிறியது, ஆனால் அங்கிருந்து கழுத்துக்குச் செல்லும் நிணநீர் வழிகள் பல. ஆகவே, மூல இடத்தில் ஒன்றும் தெரியாதபோதே கழுத்தில் கட்டி எழுந்துவிடுகிறது. மேலே பரவினால் கண்ணை அசைக்கும் நரம்பு தாக்குண்டு, ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். இத்தனையும் ஒரே இடத்திலிருந்து வருபவை. ஆனால் நோயாளியோ காதுக்கு ஓரிடம், கண்ணுக்கு ஓரிடம் என்று அலைகிறார்.

நம் நாட்டில் தொண்டைப் புற்றுநோய் என்றதும் புகையிலை நினைவுக்கு வருகிறது. குரல்வளையிலும் அதன் கீழும் வரும் புற்றுகளுக்கு அது பெரிதும் பொருந்தும். என் நண்பரோ புகைப்பதில்லை; பாக்குக்கூடப் போடுவதில்லை. "புகைப்பீர்களா?" என்று கேட்டு, "இல்லை" என்ற விடை பெற்றதும், கேட்டவர் மனத்திலிருந்து புற்றுநோய் என்ற எண்ணமே நீங்கிவிட்டது. புகைக்காத இளைஞனுக்கு வரக்கூடிய தொண்டைப் புற்றும் ஒன்று உண்டு என்பது மறந்துவிட்டது.

'அரிது' என்பதற்கு ஓர் அளவு உண்டா? உண்டு. ஆண்டொன்றில் 1,00,000 பேரில் 6 பேருக்கும் குறைவாக வரும் புற்றை 'அரிய புற்று' என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள். இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் மேல்தொண்டைப் புற்று 1,00,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. நம் தமிழ்நாட்டிலும் அப்படித்தான். ஆனால் நாகாலாந்து ஆடவரிடையே புற்றுநோய்ப் பதிவேடுகள் காட்டும் எண் 10-க்கும் மேல். அந்த மலைநாட்டில் இஃது அரிய நோயே அன்று! நாகாலாந்து இளைஞன் தில்லிக்கு வண்டி ஏறியதும் அவன் நோய் அரிதாகிவிடுமா? அவன் உடலும் குருதியும் குடும்ப வரலாறும் அவனோடுதானே வருகின்றன? மருத்துவர் தாம் அமர்ந்திருக்கும் ஊரின் கணக்கைக் கொண்டு அவனை அளந்தார். அவன் ஊரின் கணக்கைக் கேட்கவில்லை. இதுதான் என் குற்றச்சாட்டு. சிறிய குற்றச்சாட்டுத்தான்; ஆனால் அதன் விலை நான்கு திங்கள்.

இன்னொன்றும் உண்டு. தனித்தனியே பார்த்தால் அரியவையாகத் தோன்றும் புற்றுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஐரோப்பாவில் புற்றுநோய் காண்போரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் அரிய புற்றே! ஐந்தில் ஒருவரை 'அரியவர்' என்று ஓரமாக நிறுத்துவது எப்படி நியாயமாகும்?

அரிய நோய்க்கு ஏன் இவ்வளவு உழைப்பு என்று கேட்பவர்கள் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வளரும் ஒரு கட்டியை 1958-இல் விவரித்தார். உலகின் பார்வையில் அது தொலைவில் எங்கோ உள்ள ஒரு விந்தை நோய். இலண்டனில் அவர் உரையைக் கேட்ட அந்தோனி எப்ஸ்டீன், அந்தக் கட்டித் துணுக்குகளை விமானத்தில் வரவழைத்து ஆராய்ந்தார். அச்சோங், இவான் பார் ஆகியோருடன் சேர்ந்து 1964-இல் அவற்றின் உயிரணுக்களுக்குள் ஒரு வைரசைக் கண்டார். மாந்தருக்குப் புற்றுநோய் விளைப்பதோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பெற்ற முதல் வைரஸ் அதுவே. 1966-இல் மேல்தொண்டைப் புற்று நோயாளிகளின் குருதியில் அதற்கு எதிரான பொருள்கள் காணப்பட்டன. 1970-இல் ஹெரால்டு சூர் ஹௌசன் குழுவினர் புற்றின் உள்ளேயே அந்த வைரசின் மரபுப்பொருளைக் கண்டனர். அரிய நோய் ஒன்றை யாரோ பொருட்படுத்திப் பார்த்ததால், புற்றுநோய் அறிவியலிலேயே ஒரு புதிய கதவு திறந்தது.

வைரஸ் என்றதும் எங்கள் விடுதியில் சிலர், நண்பர் பயன்படுத்திய குவளையைத் தொட அஞ்சினார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. உலகில் வளர்ந்தோரில் 100-க்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸ் உடலில் இருக்கிறது. உங்களிடமும் இருக்கலாம், என்னிடமும் இருக்கலாம். பெரும்பாலோர்க்கு அது வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கும். வைரசோடு மரபுக் கூறும், உணவும் புகையும் போன்ற சூழலும் சேரும்போதே சிலருக்குப் புற்றாகிறது. குவளை வழியாகப் புற்றுநோய் ஒட்டாது. மாறாக, குவளையை ஒதுக்கி வைப்பவன் நண்பனின் மனத்தில் ஒரு புண்ணை உண்டாக்குகிறான்.

அடுத்து மருத்துவம். இங்கே ஒரு நற்செய்தி உண்டு. மண்டையடியில், பெருங்குழாய்களுக்கும் மூளைத்தண்டுக்கும் அருகே இருப்பதால் இந்தப் புற்றை முதலில் கத்தியால் அணுகுவதில்லை. அதற்குத் தேவையும் பெரும்பாலும் இல்லை. கதிர்களுக்கு இது நன்றாகக் கட்டுப்படும். தொடக்க நிலையில் கண்டறிந்தால், கதிர் மருத்துவம் ஒன்றாலேயே பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஐந்து ஆண்டுகள் கடந்து வாழ்கிறார்கள். முற்றிய நிலைக்குக் கதிரோடு மருந்தும் வேண்டும். 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கதிர் மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 100-க்கு 47 பேர்; சிஸ்பிளாட்டின் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 78 பேர். 2019-இல் சீனத்தில் 480 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு, கதிருக்கு முன்பே ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் இரண்டையும் கொடுத்தால் நோய் திரும்புவது இன்னும் குறைகிறது என்று காட்டியது. பரவிய நோய்க்கென டோரிப்பாலிமாப் என்னும் புதிய மருந்தை 2023-இல் அமெரிக்கா ஏற்றது. 2024-இல் அது நம் நாட்டுக்கும் வந்தது. எனவே, 'அரிய நோய், ஆகவே வழியில்லை' என்று கைவிரிக்க இடமில்லை. வழி இருக்கிறது. அந்த வழியின் தொடக்கத்துக்கு நோயாளி காலத்தில் வந்து சேர்வதுதான் அரிதாக இருக்கிறது.

2025 மார்ச்சில், ஹோலி விடுமுறையில், நான் குவாகாத்திக்குச் சென்று ஒரு வாரம் நண்பரோடு இருந்தேன். மொத்தம் 33 நாள் கதிர். வாரத்துக்கு ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் சில நிமிடங்களே படுத்திருக்க வேண்டும். தலை அசையாதிருக்க வலைபோன்ற முகமூடி ஒன்றை அணிவித்து மேசையோடு பொருத்திவிடுகிறார்கள். நான் சென்றபோது அவர் வாய் முழுதும் புண், எச்சில் வற்றிவிட்டது, சுவை தெரியவில்லை. பேசினால் வலிக்கும் என்று தாளில் எழுதிக் காட்டினார். "உன் ஊறுகாயைக் கொண்டுவந்தாயா?" என்று எழுதினார். கொண்டுவந்திருந்தேன், ஆனால் கொடுக்கும் நிலையில் அவர் இல்லை.

மருத்துவமனையைச் சுற்றி நான் கண்ட காட்சி வேறு. கதிர் சில நிமிடம். ஆனால் அதற்காக ஏழு வாரம் அந்நிய ஊரில் தங்க வேண்டும். மலையூர்களிலிருந்து வந்த குடும்பங்கள் வாடகை அறைகளில் அடுப்பு மூட்டிக்கொண்டு நாளெண்ணிக்கொண்டிருந்தன. வயலை விட்டு வந்தவர், ஆட்டை விற்று வந்தவர், கூலி இழந்து வந்தவர் எனப் பலர். பத்து இலட்சம் மக்களுக்கு ஒரு கதிர்ப்பொறியாவது வேண்டும் என்பது பொதுவான அளவு. நம் நாடு அதை இன்னும் எட்டவில்லை. இருக்கும் பொறிகளும் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கின்றன. நோய் மலையில் இருக்கிறது. பொறி நகரில் இருக்கிறது. இடையில் இருக்கும் வழிச்செலவை எந்தப் புள்ளிவிவரமும் சொல்வதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். நம் சங்கக் கூட்டத்திலேயே மருத்துவம் பயிலும் அன்பர் ஒருவர் கேட்டார்: "கழுத்துக் கட்டியோடு வரும் ஒவ்வொருவருக்கும் மூக்கில் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் மருத்துவமனை தாங்குமா? காசநோய் நாட்டில் காசநோயை முதலில் நினைப்பதில் தவறென்ன?"

தவறில்லை. முதலில் நினைக்கட்டும், ஆனால் அதோடு முடித்துவிடக் கூடாது என்பதே என் வாதம். எல்லாரையும் எல்லாவற்றுக்கும் சோதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது அறிவியலும் ஆகாது. ஹாங்காங்கில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். நோய் அறிகுறி ஏதும் இல்லாத 20,174 ஆடவரின் குருதியில் இந்த வைரசின் மரபுப்பொருளைத் தேடினார்கள். முதற் சோதனையில் 1,112 பேருக்கு 'உண்டு' என வந்தது. மறு சோதனையிலும் 309 பேருக்கு அப்படியே வந்தது. அவர்களை மேலும் ஆராய்ந்ததில் 34 பேருக்குப் புற்று இருந்தது. அவர்களில் 100-க்கு 71 பேர் என்ற விழுக்காட்டில் தொடக்க நிலையிலேயே அகப்பட்டார்கள். முன்பெல்லாம் அப்படி அகப்பட்டவர்கள் 20 பேர் அளவே. அருமையான வெற்றி! ஆனால் அது நோய் மிகுந்த ஊரில் கிடைத்த வெற்றி. இதையே தமிழ்நாட்டில் செய்தால், ஒருவரைக் கண்டுபிடிக்க எத்தனையோ ஆயிரம் பேரைச் சோதித்து, வீணாகப் பலரின் உறக்கத்தைக் கெடுக்க நேரும். நாகாலாந்தில் செய்யலாமா என்று எண்ணிப் பார்ப்பது பொருந்தும். இடத்துக்கேற்ற அறிவே அறிவு. தில்லி மருத்துவரிடம் நான் கேட்பதும் அதுதான்.

ஆகவே நான் வேண்டுபவை மூன்றே. முதலாவது, கட்டிக்கு ஒரு கெடு வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் கரையாத கழுத்துக் கட்டியை ஊசியால் உறிஞ்சிச் சோதிக்காமல், வெறும் ஊகத்தால் ஆறு திங்கள் மருந்து கொடுக்கக் கூடாது. அதோடு ஒரு பக்கத்துக் காது அடைப்போ மூக்கில் குருதியோ சேர்ந்தால், அன்றே மூக்கின் பின்புறத்தைப் பார்த்தாக வேண்டும். இரண்டாவது, பல நாட்டு மக்கள் பயிலும் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், நோயாளியின் பெயருக்கு அடுத்தபடி, "எந்த ஊர்? குடும்பத்தில் யாருக்கு என்ன நோய்?" என்ற இரு வினாக்கள் தவறாமல் கேட்கப்பட வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், பொறி வேண்டாம், ஒரு தாளில் இரண்டு வரி கூடுதலாக அச்சிட்டால் போதும். மூன்றாவது, நோயாளியோடு ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

இந்த மூன்றாவது நம்மால் ஆவது. வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது, நோயாளி, மருத்துவர், மருந்து என்று மூன்றோடு நிறுத்தவில்லை. உடனிருந்து உதவுபவனையும் நான்காம் கூறாக வைத்தார். விருந்துக்கும் விழாவுக்கும் நம் சங்கம் கூடுகிறது, பொங்கல் வைக்கிறது, பட்டிமன்றம் நடத்துகிறது. எல்லாம் நல்லவையே. இந்தி அறியாமல் மருத்துவமனை வரிசையில் விழித்து நிற்கும் மாணவனுக்கு, இந்தி நன்கறிந்த ஒரு தோழரைத் துணையாக அனுப்பும் பட்டியல் ஒன்றை நம் சங்கம் ஏன் வைத்திருக்கக் கூடாது? தமிழ் மாணவருக்கு மட்டும் என்று நான் கேட்கவில்லை. வெளியூரில் மொழி தெரியாமல் நிற்பது என்னவென்று நமக்குத் தெரியும். அதை அறிந்தவர்கள் நாகருக்கும் மிசோவுக்கும் மலையாளிக்கும் துணை செல்லலாமே! உடன் செல்பவர் கழுத்துக் கட்டியையும் காதடைப்பையும் மூக்குக் குருதியையும் ஒரே தாளில் நாள் குறித்து எழுதி மருத்துவர் கையில் கொடுத்தால் போதும். என் நண்பருக்கு அப்படி ஒரு தாளை நான் எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதவில்லை.

ஒரு செய்தியை நம்மவர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு இரயிலில் படுக்கை வகுப்புக் கட்டணம் இல்லை; உடன் செல்பவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்று வேண்டும். இதைச் சொல்வதற்குக்கூட ஆளில்லாமல் முழுக் கட்டணம் கொடுத்துச் சென்றவர்களைக் குவாகாத்தியில் கண்டேன். தெரிந்த செய்தியைச் சொல்வதும் ஒரு மருந்துதான்.

நம் தமிழகத்துக்கும் இதில் முன்னோடி உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரைத் தம் வீட்டுத் துயராக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. இன்று அந்த ஆலமரத்தின் நிழலில் எத்தனையோ மாநிலத்தார் இளைப்பாறுகிறார்கள். நாம் ஆலமரம் நட வேண்டியதில்லை. ஒரு பட்டியல் எழுதினால் போதும்.

என் நண்பர் 2025 சூலையில் விடுதிக்குத் திரும்பினார். ஓர் ஆண்டுப் படிப்பை இழந்தார். கட்டி மறைந்துவிட்டது, சில திங்களுக்கு ஒருமுறை சென்று காட்டி வருகிறார். எச்சில் இன்னும் சரியாகச் சுரப்பதில்லை. எங்கே போனாலும் தண்ணீர்ப் புட்டி ஒன்று கையில் இருக்கும். உணவுக்கூடத்தில் வறண்ட ரொட்டி அவருக்கு இறங்குவதில்லை. ஆகவே, ஞாயிறுதோறும் அறையில் நான் குழைய வடித்துப் பிசையும் தயிர்ச்சோற்றை உண்கிறார். இடக்காதில் சற்று மந்தம் உண்டு.

இரவில் நான் உரக்கப் படித்தால் அவர் இப்போதும், "மெல்லப் படி" என்கிறார். உடனே புத்தகத்தை மூடிவிட்டு, "ஏன், என்ன செய்கிறது?" என்று கேட்கிறேன். பெரும்பாலும், "ஒன்றுமில்லை, தூக்கம் வருகிறது" என்பதே விடை. அந்த விடையைக் கேட்ட பிறகுதான் புத்தகத்தை மீண்டும் திறக்கிறேன்.

தோழர்களே, உங்கள் அறைத்தோழர் எந்த ஊர்க்காரர்? இன்றிரவு அவரிடம் நலம் கேளுங்கள்.